வாத்து மார்க் வடிதட்டு

மண்ணூர்க் கனகத்தைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பசியோடு வந்தவனை அவள் திருப்பி அனுப்பியதில்லை என்பது ஒன்று. பிடித்த பிடியை விடமாட்டாள், அவளிடம் வாய் கொடுத்தவன் உருப்படியாக வீடு போய்ச் சேரமாட்டான் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். இரண்டாவதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் சோற்றைத் தின்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் நிலம் இருந்தது, கொட்டகையில் மாடு இருந்தது. கம்பெனிகள் வந்தன, நிலம் போனது. மேய இடமில்லாமல் மாடும் போனது. புருஷன் கோதண்டம் வந்த காசில் மாடியில் வரிசையாக ரூம்கள் எழுப்பினான். தனக்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களை வேடிக்கை பார்த்தபடி உலகத்துக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டான். அந்த உத்தியோகத்துக்கு லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

ரூம்களுக்குத் தெற்கத்திப் பையன்கள் குடிவந்தார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். ஷிப்டு முடிந்து வந்து பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். அதில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தபோது கனகம் ரசச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் அவன் கூட்டாளிகளெல்லாம் தட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். அப்படித்தான் மெஸ் வந்தது. போர்டு கிடையாது, பேர் கிடையாது. கனகம் அக்கா வீடு என்றால் ஒரகடம் வரைக்கும் தெரியும்.

பெரிய குக்கர் வாங்கிப் போடு, வேலை சுளுவாகும் என்று கோதண்டம் யோசனை சொன்னான். ஒரு நாள் குக்கர் சோறு போட்டுப் பார்த்தாள். பையன்கள் களி மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். வடித்த சோறுதான் வேண்டுமாம். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆகவே பெரிய குண்டானில் உலை வைத்து, அரிசி வெந்ததும் குண்டான் வாயில் வடிதட்டை வைத்து, துணியால் இறுகப் பிடித்துச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பாள்.

முன்பெல்லாம் அந்தக் கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடு இல்லாத வீட்டில் அது எங்கே போகும்? கொதிக்கக் கொதிக்க நேராகச் சமையற்கட்டு ஜலதாரைக்குப் போகும். மண்ணூர், பென்னலூர் என்று இந்தப் பக்கம் மெஸ் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குழாயில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் போகாமல் நிற்கும். நின்றால் இன்னும் கொஞ்சம் சுடுகஞ்சியை ஊற்றி இளக்குவார்கள். இதுவும் வழக்கம்தான்.

இந்த வீட்டுக்குத்தான் தங்கமாரி வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்தது, போய் வா என்று கம்பெனி சொல்லிவிட்டது. அடுத்த கம்பெனி கூப்பிடுகிற வரை கூடமாட இருக்கிறேன் அக்கா என்று கனகத்திடம் கேட்டாள். கூடமாட என்று வந்தவள் சமையற்கட்டில் பாதியை எடுத்துக்கொண்டாள். கனகத்துக்குப் பிள்ளை இல்லை. வாய் ஓயாமல் அவளைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே தலைவாரிப் பின்னிவிடுவாள்.

பென்னலூர் ஸ்ரீதர் அந்த மெஸ்ஸில் வாடிக்கையாகச் சாப்பிடுகிறவன். வாத்து மார்க் என்று ஒரு தூள், குழாய் அடைப்பு எடுப்பது, அதை மெஸ் மெஸ்ஸாக விற்கிற ஏஜென்ட் வேலையில் சேர்ந்திருந்தான். டப்பாவின் மேல் ஒரு வாத்து பல்லைக் காட்டிச் சிரிக்கும். வாத்துக்கு ஏது பல் என்று கேட்கக் கூடாது. பின்பக்கம் மூன்று படம். தூளைப் போடவும், தண்ணீர் ஊற்றவும், பளபளப்பைப் பார்க்கவும். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் ஒரே ஒரு வரி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று. அவ்வளவுதான். பெரிய பெட்டியாக வாங்கினால் ஒரு அலுமினிய வடிதட்டு இனாம்.

தட்டு நல்ல தட்டு. கனமும் சரி, துளையும் சரி. “சோறு வடிக்கிறவங்களுக்குன்னே கம்பெனில அடிச்சிக் குடுக்குறாங்க அக்கா,” என்றான் ஸ்ரீதர். கனகம் தூளை விடத் தட்டுக்காகத்தான் வாங்கினாள். அன்று முதல் அந்தத் தட்டில்தான் சோறு வடிந்தது.

முதலில் ஒரு கை தூள் போட்டால் அடைப்பு போனது. அப்புறம் குழாய் முழுக்க நின்றுபோன ஒரு நாள், பகல் ஷிப்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால், கனகம் டப்பாவில் பாதியை ஜலதாரையில் கொட்டினாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

“யக்கா, சோறு வெந்துட்டு. ஊத்திரட்டா?” என்று தங்கமாரி வடிதட்டு வைத்த குண்டானை ஜலதாரைப் பக்கம் சாய்க்கத் தயாராக நின்று கேட்டாள்.

“ஊத்துடி. சூட்டோட போனாத்தான் கொழுப்பு எளகும்,” என்றாள் கனகம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கஞ்சி விழுந்ததும் ஜலதாரை ஒரு மூச்சு சும்மா இருந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து உறுமி, உள்ளே போனதையெல்லாம் மேலே உமிழ்ந்தது. குனிந்து நின்றவள் முகத்தில் அப்படியே அடித்தது. கனகம் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்றிய தண்ணீரால்தான் வலது கண் தப்பியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கண் தப்பவில்லை. கன்னமும் கழுத்தும் வெந்து சுருங்கிப் போயின.

ஊரில் எல்லாருக்கும் அன்றைக்கே ஞானம் பிறந்துவிட்டது. முந்தின நாள் வரைக்கும் அதே தூளைப் போட்டு அதே கஞ்சியை ஊற்றியவர்கள், ஒரு கை தூளோடு பிழைத்துக் கிடந்தவர்கள், மருந்துத் தூள் மேல் யாராவது சுடுகஞ்சியை ஊற்றுவார்களா என்று கனகத்தின் வாசலில் நின்றே கேட்டார்கள். பென்னலூரில் மெஸ் நடத்துகிற சின்னப்பொண்ணு, படிக்காத பொம்பளைக்கு மெஸ் எதுக்கு என்றாளாம். அவள் என்னவோ காலேஜில் படித்துவிட்டு வந்து குழம்பு வைக்கிற மாதிரி. கோதண்டம் டீக்கடை பெஞ்சில், நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பித்தான். கனகம் அங்கேயே போய் நின்றாள்.

“யோவ், நீ அப்ப இன்னா சொன்ன தெர்யுமா? தட்டு ஓசியான்னு கேட்ட. அத்த மட்டும்தான் கேட்ட,” என்றாள். கோதண்டம் டீ கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

ஆனால் வெளியில் பேசுகிற வாயை அடைக்கலாம். அவளுக்குள்ளே ஒரு குரல், ஊத்துடி, ஊத்துடி என்று அவள் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அதை யார் அடைப்பது?

ஊரிலிருந்து தங்கமாரியின் அம்மா சந்தனமாரி வந்தாள். பீடி சுற்றிச் சுற்றிக் காய்ந்துபோன கை. மகள் முகத்தை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் நின்ற கனகத்தை மேலும் கீழும் பார்த்தாள். கனகம் வீட்டுக்கு வந்து தங்கச் சொன்னாள், ஒரு வாய் சாப்பிடச் சொன்னாள்.

“எம்பிள்ள மூஞ்சிய அவிச்ச வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன் தாயி,” என்றாள் சந்தனமாரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் கனகத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் வாத்துக் கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் ஆஸ்பத்திரிக்குக் காரில் வந்தார். சட்டையில் மடிப்பு கலையவில்லை. கையில் ஆப்பிள் பை. இது பரவாயில்லை. அந்த மகராசன் டிக்கியிலிருந்து ஒரு பெட்டி வாத்து மார்க் தூளையும் இறக்கி, கனகத்தின் காலடியில் வைத்து, கம்பெனி அன்பளிப்பு என்றார். கண் போனவள் படுத்திருக்கிற இடத்துக்கு, கண்ணைப் பிடுங்கினதையே சீர் கொண்டுவந்த ஆளை இந்த ஜில்லா அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். கம்பெனி இரக்கப்பட்டு ஒரு தொகை கொடுக்கும். தங்கமாரி கையெழுத்துப் போட்டால் போதும். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கனகம் கேட்டாள். அவர் பட்டும் படாமல் சொன்னார். பொருளில் குறை ஏதுமில்லை, மெஸ் நடத்துகிறவரின் அஜாக்கிரதையால்தான் விபத்து நடந்தது என்று ஒரு வரி இருக்கிறது, சும்மா ஒரு வழக்கத்துக்கு என்றார். சந்தனமாரிக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஊத்தச் சொன்னது இவள்தானே, உள்ளதைத்தானே எழுதியிருக்கிறான் என்று மகள் கையில் பேனாவைக் கொடுத்தாள். கனகம் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மருந்துக்கு வேண்டும், சோற்றுக்கு வேண்டும். தன் பேருக்காக அவள் கையை எப்படிப் பிடிப்பது?

தங்கமாரி பேனாவை வைத்துக்கொண்டு கட்டு போடாத கண்ணால் கனகத்தைப் பார்த்தாள்.

“யக்கா, நீதான ஊத்தச் சொன்ன?”

“ஆமாண்டி. நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“இப்படிப் பொங்கும்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தா சொல்வனாடி?”

தங்கமாரி ஆபீசர் பக்கம் திரும்பினாள். “சார், ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் பெருமையாகவே சொன்னார். கொதிக்கிறது பட்டால் தூள் பொங்கி வெடிக்கும், அது கெமிக்கல் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கம்பெனியில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஆப்பிள் பையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

“தெரிஞ்சது ஒங்களுக்கு. டப்பால எழுதாம விட்டதும் நீங்க. தப்பு மட்டும் எங்க அக்காவுக்கா?” என்று சொல்லித் தங்கமாரி பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆபீசர் போனார். அன்பளிப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வைத்தாள் கனகம். கார் வரைக்கும் கூடவே போய் டிக்கி மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். சந்தனமாரி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். கிடைத்ததை விட்டுவிட்டு வீராப்பு பேசுகிறார்களாம். கடைசியில் கனகத்திடம் சொன்னாள், ஒன் மேல தப்பில்லன்னு கோர்ட்டுல ஒரு மனுசன் சொல்லட்டும், அப்ப நம்புதேன் என்று. அதைக் கனகம் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் தங்கமாரி கனகத்தின் வீட்டுக்கே வந்தாள், சந்தனமாரி மட்டும் வாசல் மரத்தடியைத் தாண்டவில்லை.

இலவசமாக வழக்கு நடத்திக் கொடுக்கிற அமலா என்ற வக்கீலம்மா ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாள். சின்ன வயசு, கோபக்காரி. கனகத்துக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. வாங்கினவளும் அடிபட்டவளும் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்றாள் அமலா. விளக்கிச் சொன்னாள்.

“கம்பெனிக்காரன் கெட்டவன்னோ, அசட்டையா இருந்தான்னோ நாம நிரூபிக்கத் தேவையில்ல. ஆபத்தான பொருளை வித்தான், எச்சரிக்கை போடல, அதனால ஒருத்தருக்கு அடிபட்டுது. இது போதும். ஆனா அவன் தப்பிக்க ரெண்டு வாசல் இருக்கு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்துதான்னு சொல்லுவான். இல்லன்னா, பொருளைத் தப்பா பயன்படுத்தினாங்கன்னு சொல்லுவான். அந்த ரெண்டையும் நாம அடைக்கணும்.”

கம்பெனி வக்கீல் சென்னையிலிருந்து வந்தார். கருப்புக் கோட்டு, பேச்சில் இஸ்திரி. இரண்டு வாசலில் ஒன்றையும் விடவில்லை, மூன்றாவதாக ஒன்றைச் சுவரிலேயே திறக்கப் பார்த்தார். இந்த அம்மாள் வியாபாரி, நுகர்வோரே அல்ல என்றார். தன் கையால் சமைத்துத் தன் வயிற்றைக் கழுவுகிறவளை வியாபாரி என்று தள்ள முடியாது என்று ஆணையத் தலைவர் அதை மூடிவிட்டார். சரி, கொதிக்கிற எதையும் ரசாயனத்தின் மேல் ஊற்றக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார் வக்கீல். குழந்தைக்கு எட்டாமல் வை என்று எழுதின கம்பெனி, குழந்தைக்கே எல்லாம் தெரியும் என்றும் சொன்னது. கடைசியாக, கைகளை விரித்து, கொதிக்கும் கஞ்சியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவார்கள் என்று ஒரு கம்பெனி கனவிலாவது நினைக்க முடியுமா என்று கேட்டார். குக்கர் சோறு தின்று வளர்ந்த உடம்பு, பார்த்தாலே தெரிந்தது.

அதற்கப்புறம் கம்பெனி தன் சாட்சியைக் கூப்பிட்டது. வந்து நின்றவன் ஸ்ரீதர்.

பச்சைத் தண்ணி மட்டும்தான் ஊற்ற வேண்டும், சூடாக எதையும் ஊற்றக் கூடாது என்று விற்கும்போதே வாயால் சொன்னேன் என்றான். கனகத்தின் கையால் எத்தனையோ நாள் தின்ற வாய். சொல்லும்போது அவள் உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பவில்லை. கனகம் எழுந்தாள். அமலா அவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். சந்தனமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போ சொல்லித்தான் குடுத்திருக்கான் என்று மெல்ல ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். கனகத்துக்கு அதுதான் தைத்தது.

வீடு திரும்பியும் சந்தனமாரி உள்ளே வரவில்லை. டீக்கடையில் பன்னை நனைத்துத் தின்றுவிட்டு வாசல் மரத்தடியில் உட்கார்ந்தாள். உள்ளே கனகம் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். கோதண்டம் ஏதோ யோசனை சொல்ல வந்து, உருட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பெஞ்சுக்கே போய்விட்டான். பையன்கள் வரும் நேரம். சோறு வெந்திருந்தது. தங்கமாரி அன்றுதான், அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, சமையற்கட்டுக்குள் கால் வைத்தாள். ஆவியைக் கண்டதும் சுவரோடு ஒட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, தான் வடிப்பதாகச் சொல்லித் துணியையும் தட்டையும் எடுத்தாள். எடுத்தவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தாள்.

“யக்கா. இங்கன பாரு, வாத்து.”

கஞ்சிக் கறையும் கரியும் ஏறிக் கிடந்த விளிம்பில் ஏதோ மேடாகத் தெரிந்தது. கனகம் புளியைப் போட்டுத் தேய்த்தாள். டப்பாவில் இருக்கிற அதே வாத்து, அதே பல், அதே சிரிப்பு. அதைச் சுற்றிக் கம்பெனி பேர், அச்சடித்து இறக்கியிருந்தது. அத்தனை நாளும் அந்த வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சோறு வடித்திருக்கிறார்கள்.

கனகம் சோற்றைத் தங்கமாரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒரு தட்டு என்றால் ஸ்ரீதர் சொந்தக் காசில் செய்தான் என்று சொல்வார்கள். மண்ணூரில் வாத்து மார்க் வாங்கின ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் போனாள். பென்னலூருக்கும் போனாள். தன்னைப் பழித்தவர்கள் வாசலிலேயே போய் நின்று, ஒங்க வடிதட்டக் குடுங்க என்றாள். சின்னப்பொண்ணு தன் தட்டைப் புடவைக்குள் மறைத்தாள்.

“அப்ப நான் எதுல வடிக்கிறது?”

“மூடியப் போட்டு வடி. காலேஜுல சொல்லித் தரலியா?” என்றாள் கனகம். தட்டு கைக்கு வந்தது.

அடுத்த வாய்தாவுக்கு ஒரு சிமென்ட் மூட்டைப் பை நிறையத் தட்டுகளோடு பஸ் ஏறினாள். வழி நெடுகிலும் கடகடவென்று சத்தம். பாத்திரக்காரம்மா, என்ன விலை என்று ஒருத்தன் கேட்டான். கம்பெனிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஆணையத்தில் கம்பெனி வக்கீல் மறுபடியும் கனவிலாவது என்று ஆரம்பித்தபோது, அமலா பையைத் தூக்கி மேஜையில் வைத்தாள். தலைவர் ஒரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளைகளின் வெளிச்சம் அவர் முகத்தில் பொட்டு பொட்டாக விழுந்தது. டப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வாத்தும் ஒரே மாதிரி சிரித்தன. ஆப்பிள் கொண்டுவந்த அதே ஆபீசரை எழுந்து நிற்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார். விளம்பர அன்பளிப்பு, மெஸ் வாடிக்கையாளர்களுக்காகவே கம்பெனி யோசித்துச் செய்தது என்றார் அவர். எதற்குப் பயன்படும் என்று கேட்டார் தலைவர். கஞ்சி வடிக்க என்றார். அந்தக் கஞ்சி எங்கே போகும் என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். ஆபீசர் வக்கீலைப் பார்த்தார்.

வக்கீல் எழுந்து, “கிராமம்தானே, மாட்டுக்கு ஊத்துவாங்க,” என்றார்.

இந்தத் தடவை அமலாவால் புடவையைப் பிடிக்க முடியவில்லை.

“ஐயா, ஒங்க கம்பெனிங்க வந்தப்பவே மாட்ட வித்துட்டோம்,” என்றாள் கனகம். “அந்த மாடு மேஞ்ச எடத்துலதான் கம்பெனி கீது. இனி கஞ்சிய ஒங்க கேட்டாண்ட கொணாந்து ஊத்துறேன், அங்க யாரு குடிக்கிறாங்கன்னு பாப்போம்.”

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். கடிந்து சொல்லவில்லை. ஸ்ரீதரைத் திரும்பக் கூப்பிட்டார். சூடாக எதையும் ஊற்றாதே என்று சொல்லிக்கொண்டே கையில் கஞ்சி வடிதட்டையும் கொடுத்தாயா என்று கேட்டார். ஸ்ரீதர் தட்டைப் பார்த்தான், அப்புறம் முதல் தடவையாகக் கனகத்தைப் பார்த்தான், தங்கமாரியைப் பார்த்தான்.

“நான் ஒண்ணும் சொல்லல சார். எனக்கே தெரியாது. பெட்டி வித்தா தட்டு குடு, அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க. எங்க அம்மாவும் அந்தத் தூள் மேல கஞ்சிதான் ஊத்திக்கினு இருந்தாங்க,” என்றான்.

எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து, விற்கிறவனுக்கே தெரியவில்லை. அவன் வேலை அன்றே போனது. அதற்காகக் கனகம் அவனுக்குச் சோறு போடாமல் இருக்கவில்லை. ஆனால் ஒரு மாசம் வரை அவன் இலையில் அப்பளம் வைக்கவில்லை. பொய்க்கு அதுதான் அவள் போட்ட அபராதம்.

தீர்ப்பு வந்தது. சோறு வடிக்கிற வீடுகளுக்கென்றே தட்டு அடித்துக் கொடுத்தவர்கள், அந்த வீடுகளில் கஞ்சி ஜலதாரைக்குப் போகும் என்று தெரியாது என்று சொல்ல முடியாது. ஆகவே இது தப்பான உபயோகம் அல்ல. தங்களுக்கு மட்டும் தெரிந்த ஆபத்தை எல்லாருக்கும் தெரிந்தது என்று சொல்லவும் முடியாது. எச்சரிக்கை போடாததற்குக் கம்பெனிதான் பொறுப்பு, தங்கமாரிக்கு இழப்பீடும் மருத்துவச் செலவும் கொடுக்க வேண்டும், இனி டப்பாவில் தமிழில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். அமலா கனகத்தின் வீட்டு வாசலிலேயே நின்று படித்துச் சொன்னாள். சந்தனமாரி மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள்.

“இந்தம்மா மேல தப்புன்னு அதுல எங்கயும் போட்டிருக்காம்மா?”

“இல்ல.”

“இன்னொருக்க பாத்துச் சொல்லும்மா.”

அமலா அந்தப் பகுதியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தெரியாத ஆபத்தை ஒருவர் சொல்லியிருக்க முடியாது, கனகத்தின் மேல் குறை காண இடமில்லை என்று அதிலேயே இருந்தது. சந்தனமாரி முழுக்கக் கேட்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அடுப்பில் சோறு வடிகிற நேரம்.

“உப்புப் போட்டு ஒரு செம்பு கஞ்சி குடு தாயி. வயித்துல ஒண்ணும் போவல,” என்றாள்.

கனகம் ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். ஊத்துடி என்ற குரல் அதற்கப்புறம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வருகிறது. ஆனால் அது வரும்போது பக்கத்தில் தங்கமாரியின் குரலும் வருகிறது, சார், ஒங்களுக்குத் தெரியுமா என்று. இரண்டையும் கேட்டுக்கொண்டு அவளால் தூங்க முடிகிறது.

கம்பெனி மேல்முறையீடு போயிருக்கிறது. போகாமல் இருக்குமா? புது டப்பா மட்டும் வந்துவிட்டது. சூடான நீரோ கஞ்சியோ ஊற்றக் கூடாது, கண் பறிபோகும் என்று போட்டிருக்கிறது. எங்கே என்றால், மூடியின் மடிப்புக்குக் கீழே, மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தில். பக்கத்து மெஸ் டப்பாவை வாங்கித் தங்கமாரி ஒற்றைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்து வாசித்தாள். வாத்து முன்னைவிடப் பெரிசாகச் சிரிக்கிறது. கனகம் ஜலதாரைக்கு மேலே சுவரில், தங்கமாரியை விட்டுக் கரிக்கட்டியால் அதே வார்த்தைகளை ஆள் உயரத்துக்கு எழுத வைத்தாள். கஞ்சி இப்போது வாளியில் ஆறிய பிறகுதான் போகிறது. தூள் அந்த வீட்டுக்குள் வருவதே இல்லை.

தட்டுகள் மட்டும் திரும்பவில்லை. சாட்சிப் பொருளாம், மேல்முறையீடு முடிகிற வரை ஆணையத்து அலமாரியில்தான் இருக்குமாம். மெஸ்காரிகள் எல்லாம் மூடியைப் போட்டு வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டு கனகத்தைத் திட்டுகிறார்கள். அவளும் அமலாவுக்கு அவ்வப்போது போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

“வழக்கு எப்ப வேணா முடியட்டும்மா. அந்தத் தட்ட மட்டும் பத்திரமா வாங்கிக் குடு. அந்தக் கம்பெனில உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்.”